பேச்சுக்கு விட்ட இடம்

உப்புத்துறையில் நிலா என்பது நிஜமாகவே ஒரு வெள்ளித் தட்டு. விளிம்பில் லேசான நெளிவுகூட உண்டு. யாரோ ஒரு புண்ணியவான் பழைய கதை ஒன்றில் "வெள்ளித் தட்டாய் நிலா எழுந்தது" என்று எழுதிவைத்திருக்கிறார். இயந்திரம் அதை அப்படியே நம்பிவிட்டது.

"இதுக்குத்தான் மேடம் உங்கள மாதிரி ஆளுங்களத் தேடித் தேடி வர்றோம்" என்றான் தௌபீக். சென்னையில் உள்ள 'மறுகரை' என்ற நிறுவனத்திலிருந்து வந்திருந்த பையன். என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, என் மூக்கில் ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டிருந்தான். அதற்குள்ளேதான் உப்புத்துறை இருந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உப்புத்துறை என்பது நாங்கள் கல்லூரியில் படித்த காலத்தில் விளையாடிய ஓர் இணைய விளையாட்டு. ஒரு துறைமுகம், சுற்றி உப்பளங்கள், நடுவில் ஒரு விளக்குக் கோபுரம், தொல்லை கொடுக்கக் கொஞ்சம் கடற்கொள்ளையர். சின்ன நிறுவனம் ஒன்று ஆசையாகச் செய்து, சில வருஷங்களில் கையைச் சுட்டுக்கொண்டு இழுத்து மூடியது. கணினிகளெல்லாம் காயலான் கடைக்குப் போய்விட்டன. மிஞ்சியது, அந்த உலகத்தை வைத்து நாங்கள் எழுதிய கதைகள் மட்டும். பிரவுசிங் சென்டரில் விளையாடக் காசு தீர்ந்த பிறகும் விளையாட்டு மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் இல்லையா, அந்த நேரத்தில் எழுதியவை.

"அந்தக் கதைங்க மொத்தத்தையும் இயந்திரத்துக்குப் படிக்கக் குடுத்தோம்" என்றான் தௌபீக். "அதுல இருந்து ஊரை மறுபடி வளர்த்திருக்கு. எழுதுனது இருக்கும், எழுதாதது இருக்காது. அதோட சட்டம் அவ்ளோதான்."

சட்டத்தின் லட்சணத்தை நானே சுற்றிப் பார்த்தேன். வீடுகளுக்கு வாசல் இருக்கிறது, கொல்லைப்புறம் இல்லை. நாங்கள் ஒருத்தரும் கொல்லைப்புறத்தை எழுதவில்லை. சாப்பாட்டைப் பற்றி எழுதியது தூத்துக்குடிக்காரர் ஒருவர் மட்டும்தான்; அதனால் ஊரே மூன்று வேளையும் சுறாப்புட்டு சாப்பிடுகிறது. கோபம் வந்தால் "கண்களில் தீப்பொறி பறக்கும்" தளபதி ஒருவர் இருந்தார். அவர் ஏற்கெனவே இரண்டு வைக்கோல் போரைக் கொளுத்திவிட்டாராம். நான் சிரித்த சிரிப்பில் கண்ணாடிக்குள் நீர் கோத்துக்கொண்டது. அந்தத் தளபதியை எழுதியவன் பட்டப்பெயர்கூட எனக்கு நினைவிருந்தது. உவமை வைக்காமல் ஒரு வரி எழுத மாட்டான். எல்லோரும் திட்டுவோம், அவனும் திருந்தவே மாட்டான். எவ்வளவு நல்ல காலம் அது.

சிரிப்பு நின்றது கோபுரப் படிக்கட்டில்தான். அங்கே ஒரு பெண் நின்றிருந்தாள். கழுத்துக்கு மேலே, ஈரக் கையால் துடைத்த கண்ணாடி மாதிரி ஒரு கலங்கல். முகமே இல்லை.

"இது யாரு?"

"நீங்கதான் மேடம்." தௌபீக் தயங்கித்தான் சொன்னான். "எல்லாக் கதையும் 'நான், நான்'னு எழுதியிருக்கீங்க. அந்த 'நான்' எப்படி இருப்பாங்கன்னு ஒரு வரி இல்ல. பொண்ணுங்கறதே வளையல் பத்தி ஒரு இடத்துல வந்ததாலதான் அதுக்குத் தெரிஞ்சுது. ஏன் மேடம் அப்படி எழுதுனீங்க?"

"அதுதான் வசதி. நாம எல்லாரையும் பாக்கலாம், நம்மள யாரும் பாக்க மாட்டாங்க."

அவன் அதைக் குறித்துக்கொள்வதுபோலத் தலையாட்டினான். பிறகு கோபுரத்தின் உச்சியைக் காட்டினான்.

மேலே விளக்கு மாறன் இருந்தான், என் கதைகளில் வரும் விளக்குக்காரன். ஒரு காலை மடக்கி அதன்மேலேயே உட்கார்ந்திருந்தான். விளக்குக் கண்ணாடியை வாயால் ஒரு ஊது ஊதி, சட்டை நுனியால் துடைத்தான். யாரோ படியேறி வரும் சத்தம் கேட்டதும் இடது காது மடலைத் தேய்த்துக்கொண்டே திரும்பினான். சிரிப்பு வந்தபோது புறங்கையால் வாயை மறைத்தான், முன்பல் ஒன்று கோணல் என்பதால். ஊரில் மற்றவர்கள் எல்லாம் ஜவுளிக்கடைப் பொம்மைகளாக இருக்க, இவன் மட்டும் ஆளாகவே இருந்தான். முப்பது வருஷம் ஆகிவிட்டதே என்ற நினைப்பு ஒரு நொடிகூட வரவில்லை.

"இவர் மட்டும் எப்படி மேடம் இவ்ளோ உயிரா இருக்காரு?"

"நல்லா எழுதியிருக்கேன்னு வச்சுக்கோங்களேன்."

"ஆனா பேச மாட்டேங்கறாரு. அதுக்குத்தான் வந்தேன்."

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. விளையாட்டில் ஆளுக்கொரு பாத்திரம். இன்னொருவருடைய பாத்திரத்தை உன் கதையில் நடக்க விடலாம், ஓட விடலாம், கடலில்கூடத் தள்ளலாம். பேச மட்டும் வைக்கக் கூடாது. பேச வேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டு இடம் விட வேண்டும். பாத்திரத்துக்குச் சொந்தக்காரர் வந்து, கதைக்குக் கீழே கருத்துப் பெட்டியில், அந்தக் கோட்டுக்கு உரிய பேச்சை எழுதுவார். படிப்பவர்கள் மேலே பாதி, கீழே பாதி என்று ஏறி இறங்கிப் படிப்பார்கள். இதை மீறியவர்களை நாங்கள் ஒருவாரம் பேசாமல் ஒதுக்கி வைத்திருக்கிறோம். உடம்பு இரவல் தரலாம், வாய் தர முடியாது என்பது எங்கள் கட்சி.

கதைகள் தப்பிவிட்டன. கருத்துப் பெட்டி வேறொரு நிறுவனத்துடையது. அவர்கள் கடையைக் கட்டியபோது அதிலிருந்த பேச்செல்லாம் போய்விட்டது. மற்றவர்களெல்லாம் தாங்களே கதை எழுதியவர்கள், அதனால் அவர்களுடைய பாத்திரங்களுக்கு அங்கே வாய் இருந்தது. மாறனுக்குச் சொந்தக்காரர் கதை எழுதியதே இல்லை. என் கதைகளுக்குக் கீழே பேசியதோடு சரி.

இப்போது மாறன் வாயைத் திறப்பான், மூடுவான், எதிரில் இருப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என்ன சொன்னான் என்பது ஒருவருக்கும் தெரியாது.

"அந்தப் பேச்ச நீங்க எழுதித் தரணும்" என்றான் தௌபீக். "பொங்கலுக்குத் திறக்கறோம். நீங்க எழுதலைன்னா இயந்திரமே அவருக்கு ஒரு வாய் வச்சுரும்."

"எப்படி வைக்கும்?"

அவன் எதையோ அழுத்தினான். மாறன் என்னைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தி, "அஞ்சாதே தோழா, ஆழ்கடல் அன்னை நம்மை அரவணைப்பாள்" என்று முழங்கினான்.

நான் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். காது மடலைத் தேய்க்கிற அந்தக் கைக்கும் இந்த முழக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

"அவர எடுத்துருங்க."

"எடுத்தா உங்க கதை மொத்தமும் சரிஞ்சுரும் மேடம். எல்லாப் படகும் அவரு விளக்கப் பாத்துத்தான கரைக்கு வருது."

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். கண்ணாடியை அவன் வேண்டுமென்றே மறந்துவிட்டுப் போனான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒரு பெண் நின்றாள். இருபத்தைந்து வயதிருக்கும். கையில் காராச்சேவு பொட்டலம்.

"தூண்டில் அங்கிள் இருக்காங்களா?"

தூண்டில் என்பது அந்தக் கதைகளை எழுத நான் வைத்துக்கொண்ட புனைபெயர். "நான்தான்" என்றேன்.

அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "நீங்க... அப்பா தூண்டில் அண்ணன்னுதான் சொல்வாராம். கம்பெனில பேரு கேட்டப்பகூட செண்பகவல்லிங்கறது உங்க வீட்டுக்காரம்மான்னு நினைச்சேன்."

"எல்லாரும் அப்படித்தான் நினைச்சிருந்தாங்க. உள்ள வாம்மா."

அவள் பெயர் ஆழினி. என் கதையில் வரும் ஒரு படகின் பெயர் அது.

"அப்பாவுக்கு உங்க கதைல அந்தப் படகுதான் ரொம்பப் பிடிக்குமாம். படகு பேர யாராச்சும் புள்ளைக்கு வைப்பாங்களான்னு அம்மா சண்டை போட்டிருக்காங்க. அப்பா பேரு தனுஷ்கோடி. விளக்கு மாறன் அப்பாவோட ஆளு."

"தெரியும்" என்றேன்.

"எனக்கு ரெண்டு வயசு முடியறதுக்குள்ள மஞ்சள் காமாலைல போயிட்டாரு. கல்யாண வீடியோல அஞ்சு நிமிஷம் வர்றாரு. அதுலயும் சும்மா நிக்கறாரு, பேசவே இல்ல." பொட்டலத்தின் நூலைப் பிரித்துப் பிரித்துச் சுற்றினாள். "நீங்க எழுத யோசிக்கறீங்களாமே. ஏன் ஆன்ட்டி?"

வழக்கத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்லவே அது எனக்கே சின்னப்பிள்ளைத்தனமாகக் கேட்டது.

"அதெல்லாம் அப்ப. இப்ப யாரு வந்து உங்கள ஒதுக்கி வைக்கப் போறா?"

"நான் எழுதுனா அது உங்கப்பா பேச்சு இல்லம்மா. என் பேச்சு. நீ காலம் முழுக்க என்கிட்ட பேசிட்டு, அப்பாகிட்ட பேசினேன்னு நினைச்சுட்டிருப்ப."

"இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். "எனக்கு அதுகூட இல்லையே. உங்களுக்கு நினைவிருக்கறத எழுதலாம்ல?"

நினைவிருந்தது, ஒன்றிரண்டு. ஆனால் அவற்றை மனதுக்குள் அத்தனை தடவை திருப்பித் திருப்பிப் போட்டிருக்கிறேன். எது அவன் எழுதியது, எது நான் தேய்த்து மெருகேற்றியது என்று எனக்கே தெரியாது.

"ஒண்ணு சொல்றேன். எழுத மாட்டேன், சொல்றேன்" என்றேன். "ஒரு கதைல நான் மாறன்கிட்ட கேப்பேன், படகே வராத நாள்ல மேல உக்காந்து என்ன செய்வன்னு. அதுக்கு உங்கப்பா கீழ எழுதுனாரு: 'அன்னைக்குத்தான விளக்கத் துடைக்க நேரம் கிடைக்கும்.' ஏறத்தாழ இப்படி."

அவள் அதைத் தனக்குள்ளேயே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கேட்டாள்.

ரொம்ப நேரம் மாட்டியிருந்தாள். கழற்றும்போது அழுது முடித்திருந்தாள். "காத இப்படித் தேய்க்கறாரு" என்றாள், தன் இடது காதைத் தேய்த்தபடி. "நானும் இப்படித்தான் செய்வேன். அம்மா திட்டும், அப்பனாட்டமே பண்ணாதன்னு. ஆன்ட்டி, அப்பாவும் விருதுநகர், நீங்களும் விருதுநகர். ஒருதடவகூடப் பாத்துக்கிட்டதில்லையா? எவ்ளோ ஆச்சரியம்."

"ஆமா, ஆச்சரியம்தான்" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தாள். சண்முகவடிவு. என் வயதுதான் இருக்கும், முழங்கால் வலியால் சாய்ந்து சாய்ந்து நடந்தார். தௌபீக்கும் பதிலைக் கேட்க வந்திருந்தான். இத்தனை பேரும் என் முகத்தையே பார்க்க, ஹாலில் ஒரு பஞ்சாயத்துக் களை வந்துவிட்டது. நிலைமை சரியில்லை என்று என் வீட்டுக்காரர் பால் வாங்கக் கிளம்பிவிட்டார்.

வடிவு கண்ணாடியை மாட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். சேலைத் தலைப்பைப் பிடித்திருந்த கை மட்டும் மெல்ல இறுகியது. ஒருதரம் "இந்தா, சிரிக்காகள்ல" என்றார், யாரிடம் என்றில்லாமல். பிறகு கழற்றினார்.

"இவுக பேச வேண்டாம்" என்றார்.

"அம்மா" என்றாள் ஆழினி.

"வேண்டாம்டி. பேசுனா வேற ஆளாப் போயிருவாக. அவுக பேச்சு எனக்குத் தெரியும். அதுல ஒரு எழுத்து மாறுனாலும் எனக்குப் பொறுக்காது."

"உங்களுக்குத் தெரியும். எனக்கு?"

தௌபீக் தொண்டையைச் செருமினான். "சும்மா விட முடியாதும்மா. இடம் காலியா இருந்தா இயந்திரம் நிரப்பிரும். அதுக்குக் காலி இடமே ஆகாது."

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இயந்திரத்துக்குத் தெரிந்தது ஒரே சட்டம்: எழுதியது இருக்கும். அப்படியென்றால் காலி இடத்தையே எழுதிவிடலாமே. கதை எழுதுகிறவர்கள் காலங்காலமாகச் செய்கிற வேலைதான். சமாளிக்க முடியாத ஓட்டை ஒன்று விழுந்தால், அதை அந்த உலகத்தின் வழக்கமாக ஆக்கிவிடுவது.

"தௌபீக், ஒரு புதுக் கதை சேக்கலாமா? ரெண்டே வரி?"

"உங்க பேர்ல எவ்ளோ வேணும்னாலும் சேக்கலாம் மேடம்."

அவனுடைய மடிக்கணினியை வாங்கி, இருபத்தொரு வயதில் தட்டிய அதே வேகத்தில் தட்டினேன்.

"கோபுரத்தில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்வரை விளக்குக்காரர் பேசுவதில்லை; அது உப்புத்துறையின் வழக்கம். மனதில் உள்ளதைச் சொல்ல நினைப்பவர்கள் படியேறிப் போய்ச் சொல்லலாம், அவர் கேட்டுக்கொண்டிருப்பார்."

என் கதைகளில் அந்த விளக்கு ஒருநாளும் அணைந்ததில்லை. கோபுரத்தில் எப்போதும் சாயங்காலம்தான்.

கண்ணாடியை ஆழினி மாட்டிக்கொண்டாள். ஊரில் என்ன நடந்தது என்பதை அவள்தான் எங்களுக்குச் சொன்னாள். மாறன் வாயைத் திறந்து திறந்து மூடுவது நின்றுவிட்டதாம். உப்பளத்து ஆள் ஒருவர் மேலே போய் மூச்சு வாங்க ஏதோ சொல்கிறாராம், மாறன் காதைத் தேய்த்துக்கொண்டே கேட்கிறானாம். ஒரு கிழவி தன் மருமகளைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறாளாம். வரிசை கீழே படிவரைக்கும் நிற்கிறதாம்.

"நானும் போகவா?" என்று கேட்டாள். கொஞ்ச நேரத்தில், "அப்பா, நான் ஆழினி" என்றாள் மெதுவாக. "ஆமா, படகு பேருதான்." பிறகு வேலை, பஸ், அம்மாவின் முழங்கால் என்று பேச ஆரம்பித்தாள். தௌபீக் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டான். நல்ல பையன்.

நான் காபி போட உள்ளே போனேன். வடிவும் பின்னாலேயே வந்தார், கதவை லேசாகச் சாத்தினார்.

"அந்த விளக்குக் கண்ணாடிய ஊதித் தொடைக்கறாகள்ல" என்றார். "அது வீட்டுல கிடையாது. வீட்டுல எதையும் ஊத மாட்டாக. புரோட்டாக் கடை மாடில ஜாபர் பாய் பிரவுசிங் சென்டர் இருந்துச்சே, அங்க கம்ப்யூட்டர் முன்னால உக்காந்ததும் மொதல்ல கீபோர்டு பட்டன ஊதுவாக, சட்டையத் தூக்கித் தொடைப்பாக. கல்யாணமான புதுசுல ஒருதடவ கூட்டிட்டுப் போனாக. அப்பப் பாத்துச் சிரிச்சேன்."

பால் பொங்கி வந்தது. நான் அடுப்பைத் தணித்தேன்.

"நீங்க எந்தக் கேபின்?" என்றார் வடிவு.

முப்பது வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. பொய் சொல்ல வாய் வரவில்லை.

"செவுத்தோரம். அவரு பக்கத்துக் கேபின். பிளைவுட்டுல ஒரு விரல் அகலத்துக்குச் சந்து இருந்துச்சு."

"அவுகளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. என் கதையப் படிச்சுட்டு, தூண்டில் அண்ணன் பின்னிட்டாருன்னு ஜாபர் அண்ணன்கிட்டச் சொல்லுவாரு. நான் இந்தப் பக்கம் உக்காந்து கேட்டுட்டிருப்பேன்."

"சொல்லியிருக்கலாம்ல."

"பயம். அப்புறம் உங்க கல்யாணம் வந்துருச்சு." எனக்கு அழுகை வந்தது, அவரிடம் மறைக்கவில்லை. "அவரு மேல எனக்கு ரொம்பப் பிரியங்க. அவ்ளோதான். அத எங்க வைக்கறதுன்னு தெரியாம கோபுரத்து மேல வச்சேன்."

அவர் திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன். என் வீட்டு அடுப்படியில், என் வயதுப் பெண், அவள் புருஷனைப் பற்றி. வடிவு டம்ளர்களை எடுத்து வரிசையாக வைத்தார். காபியை அவரே ஆற்றினார்.

"அந்தப் படியில ஒரு புள்ள நிக்குது, மூஞ்சி இல்லாம" என்றார். "அதுக்கு ஒரு மூஞ்சி எழுதிருங்க."

"வேண்டாங்க. அது அப்படியே இருக்கட்டும்."

"அவுக பக்கத்துல நிக்கறது யாருன்னு தெரியாம இருக்கக் கூடாதுல்ல. எழுதுங்க."

மடிக்கணினியை எடுத்துவந்து அடுப்படி மேடைமேல் வைத்தேன். கை ஓடவில்லை. ஊரில் எல்லோரையும் எழுதியிருக்கிறேன். அந்த வயதில் நான் எப்படி இருந்தேன் என்பது சுத்தமாக நினைவில்லை. ஒரு புகைப்படம்கூட உருப்படியாகக் கிடையாது.

"எழுத வரல" என்றேன்.

வடிவு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, மளிகைச் சாமான் சொல்வதுபோல நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"ஒல்லியா இருக்கும். மாநிறம். மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பக்கக் காது ஒடஞ்சு போயி வெள்ளை நூல் கட்டியிருக்கும். அன்னைக்கு நாங்க ரேஷன் கார்டுக்குப் பேரு சேக்கப் போனோம். பிரிண்டு வரல. செவுத்தோரக் கேபின்ல இருந்து ஒரு புள்ள எந்திரிச்சு வந்து, கேக்காமலே சரி பண்ணிக் குடுத்துட்டு, ஒரு வார்த்தை பேசாமப் போயிருச்சு. அவுக தேங்க்ஸுன்னு சொன்னாக. அது திரும்பிப் பாத்துச்சு. அந்தப் பார்வைய நான் பாத்தேன். நான் புதுப் பொண்டாட்டி, பாக்காம இருப்பனா?"

நான் தட்டினேன். ஒல்லி, மாநிறம், உடைந்த கண்ணாடி, வெள்ளை நூல். அவர் சொல்லச் சொல்ல, ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. முதல்முறையாக 'நான்' என்று இல்லாமல் 'அவள்' என்று எழுதினேன்.

ஹாலில் ஆழினியின் பேச்சு சட்டென்று நின்றது.

"அம்மா" என்று கூப்பிட்டாள். "படியில ஒரு அக்கா நிக்கறாங்க. கண்ணாடியில நூல் கட்டியிருக்கு. என்னையே பாக்கறாங்க. யாரும்மா அது?"

வடிவு காபியை ஒரு வாய் குடித்தார்.

"நம்ம ஊருப் புள்ளதான்" என்றார். "பேசிட்டு வா."